ஆறாவது விரல் கச்சேரியும் என் பல்வலியும்

செப்டம்பர் 5, வெள்ளி

ஆசிரியர் தினம். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பேனாவும் ஒரு ரோஜாவும் கொடுத்தார்கள். பேனா எழுதவில்லை. ரோஜா பிளாஸ்டிக். தாவரவியல் ஆசிரியைக்குப் பிளாஸ்டிக் ரோஜா கொடுக்கும் துணிச்சல் எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் வரும்.

இதை எழுதுவது இவர் கடை டைரியில். இவர் என்றால் என் கணவர் பிரம்மநாயகம். பாளையங்கோட்டையில் தண்ணீர் மோட்டார் விற்கிறார், பழுதும் பார்க்கிறார். வருடா வருடம் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க டைரி அச்சடிப்பார். வருடா வருடம் வாடிக்கையாளர்களைவிட டைரி அதிகமாக இருக்கும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘நம்பிக்கையான நீரோட்டம்’ என்று போட்டிருக்கிறது. மேலே நான் எவ்வளவு புலம்பினாலும் கடைசி வரி இவருடையதுதான்.

எட்டு மாதமாகச் சும்மா கிடந்ததை இன்று ஏன் எடுத்தேன் என்றால், சும்மாதான். காலையில் குளிக்கும்போது ஒரு சின்ன விஷயம் கையில் தட்டுப்பட்டது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

பெரிய செய்தி. ‘ஆறாவது விரல்’ மறுபடி சேர்ந்துவிட்டார்கள். இருபத்தேழாம் தேதி மதுரையில் கச்சேரி.

கல்லூரி விடுதியில் நான் இருந்த காலத்தில் தமிழில் ராக் பாட்டுப் பாடிய நாலு பேர் அவர்கள். பாடகன் ஆல்ட்ரின். தோள்வரை முடி, தொண்டையில் சரளைக்கல். ஒரே ஒரு கேசட்டை விடுதி முழுக்க மாற்றி மாற்றிக் கேட்டு, அது நாடா நைந்து, ஆல்ட்ரின் தண்ணீருக்குள் இருந்து பாடுகிற மாதிரி ஆனபிறகும் கேட்டோம். திருநெல்வேலிக்கு ஒருமுறை பாட வந்தார்கள். அப்பா போகக் கூடாது என்றார். காரணம் கேட்டேன். “அவனுக்கு முடி வெட்டக் காசில்ல, அவன் பாட்ட கேக்க நீ காசு குடுக்கணுமாக்கும்” என்றார். அடுத்த வருடம் அவர்கள் சண்டை போட்டுப் பிரிந்துவிட்டார்கள். நேரில் பார்க்காமலே நாற்பத்திரண்டு வயதாகிவிட்டது.

மதுரையில் பொறியியல் படிக்கும் மகள் நறுமுகையைக் கூப்பிட்டுச் சொன்னேன். “அம்மா, அது தாத்தாங்க பேண்டும்மா” என்றாள். விடுதிக் கட்டணம் அனுப்பிய வாரத்தில் இப்படிப் பேசுவதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும்.

செப்டம்பர் 11, வியாழன்

மத்தியானம் அனுமதி போட்டுவிட்டுப் பல் டாக்டரிடம் போனேன். பல் டாக்டர் ஒரு பெண். கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னார். அக்குளில் அழுத்திப் பார்த்தார். எங்கள் ஊர்ப் பல் டாக்டர்கள் அவ்வளவு ஆழமாகப் பார்ப்பார்கள்.

“ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துருவோம். கூட யாரும் வரலியா?” என்றார்.

“பல்லுக்கு எதுக்கு டாக்டர் கூட ஆளு” என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. “வேலை இருக்கு அவருக்கு” என்றேன்.

வீட்டில் பல்வலி என்று சொல்லியிருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் மாமியார் போனபோது இவர் கடையைத் திறக்கவே மாட்டேன் என்று மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்தார். சுவரைப் பார்ப்பார், சாப்பிடுவார், சுவரைப் பார்ப்பார். அந்தச் சுவருக்கு அதன்பிறகுதான் வெள்ளையடித்தோம். மறுபடி அடிக்க எனக்குத் தெம்பில்லை. ஆகவே பல்.

செப்டம்பர் 12, வெள்ளி

பதினொன்றாம் வகுப்பில் செல் பகுப்பு நடத்தினேன். ஒரு செல் இரண்டாகும், இரண்டு நான்காகும். பலகையில் படம் வரைந்தேன். ‘கட்டுப்பாடில்லாத பகுப்பு’ என்ற பத்தி வந்ததும் நேரமில்லை, வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்றேன். மணி அடிக்க இன்னும் நிறைய நேரம் இருந்தது. பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், சந்தோஷமாகப் புத்தகத்தை மூடினார்கள்.

செப்டம்பர் 15, திங்கள்

ராத்திரிச் சாப்பாட்டின்போது இவரிடம் கச்சேரியைப் பற்றிச் சொன்னேன்.

“எத்தன பேரு பாடுவாங்க?”

“பாடுறது ஒருத்தர். மத்தவங்க வாசிப்பாங்க.”

“ஒக்காந்து கேக்கணுமா, நின்னுட்டுக் கேக்கணுமா?”

“நாற்காலி உண்டு.”

“பார்க்கிங்?”

இருபது வருடத் தவம் கைகூடப் போகிற நேரத்தில் என் கணவருக்கு எழுந்த ஐயங்கள் இவை. உண்டு என்றேன். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். “சரி வடிவு, போவோம். ஒனக்குப் பல்லு வலி தேவலயா அதுக்குள்ள?” என்றார்.

தேவலையாகிவிடும் என்றேன்.

செப்டம்பர் 18, வியாழன்

பல் ஸ்கேன். இருட்டறையில் ஒரு பெண் ஜில்லென்று எதையோ தடவி, திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வந்ததிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள் ஓரிடத்தில் பேச்சை நிறுத்திவிட்டாள். நானும் வகுப்பில் மோசமான விடைத்தாளைத் திருத்தும்போது அப்படித்தான் நிறுத்துவேன்.

செப்டம்பர் 20, சனி

விஞ்ஞானம் படித்தவள், விஞ்ஞானம் நடத்துகிறவள், எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்து நசுக்குகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறவள் ஆகிய நான் இன்று காலை பாத்திரம் தேய்க்கும்போது ஒரு முடிவெடுத்தேன். கச்சேரியில் ‘கரை தெரியுது’ பாட்டைப் பாடினால் பல்லில் ஒன்றுமில்லை. பாடாவிட்டால் இருக்கிறது.

ஆறாவது விரலின் எல்லாப் பாட்டிலும் புகழ்பெற்றது அதுதான். அதைப் பாடாமல் மேடையை விட்டு இறங்கவே முடியாது. எனக்குச் சாதகமாகத்தான் பந்தயம் கட்டியிருக்கிறேன். நான் ஒன்றும் முட்டாள் இல்லை.

செப்டம்பர் 22, திங்கள்

பல்லிலிருந்து ஊசியால் கொஞ்சம் எடுத்தார்கள். ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். முப்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை முடிவு சொல்வார்களாம். “ஹஸ்பெண்டையும் கூட்டிட்டு வாங்கம்மா” என்றார் டாக்டர். நல்ல பல் டாக்டர்கள் குடும்பத்தோடு பழகுவார்கள்.

வீட்டுக்கு வந்தால் எதிர்வீட்டில் கொலு. பட்டாணிச் சுண்டல் கொடுத்து, ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்கள். பல்வலி என்றேன். இந்தப் பல் எத்தனை விதத்தில் உதவுகிறது.

செப்டம்பர் 25, வியாழன்

காலாண்டுத் தேர்வு விடைத்தாள் ஒரு கட்டு திருத்தினேன். ஒளிச்சேர்க்கை ராத்திரியில் நடக்கிறது என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கிறாள். பாதி மதிப்பெண் போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

நேற்றைய மகத்தான கச்சேரியைப் பற்றி வரலாற்றுக்காகப் பதிவு செய்கிறேன்.

நாலு மணிக்குத்தான் கேட் திறப்பார்கள். நாங்கள் மூன்றரைக்கே போய்விட்டோம். இவருக்கு எங்கே போனாலும் முதல் ஆளாகப் போய் வண்டியை நிழலில் நிறுத்த வேண்டும். மதுரைக்கு வெளியே ஒரு பொட்டலில், இருந்த ஒரே வேப்பமரத்தின் அடியில் நிறுத்தினார். எங்கள் வண்டிதான் முதல் வண்டி. பின்னால் வந்த அத்தனை வண்டியும் எங்களை அடைத்துக்கொண்டு நிற்கும் என்பது அப்போது இருவருக்கும் தோன்றவில்லை.

வாசலில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். தண்ணீர் மோட்டார்காரரிடமிருந்து தண்ணீரைப் பிடுங்கினால் அவர் முகம் எப்படிப் போகும் என்று நேற்றுத்தான் பார்த்தேன். தயிர்சாதப் பொட்டலத்தை மட்டும் என் கைப்பையின் அடியில், முகம் துடைக்கும் துண்டுக்குக் கீழே வைத்துக் காப்பாற்றினோம்.

எங்கள் சீட்டின் பெயர் பிளாட்டினம். பிளாட்டினத்துக்கு முன்னால் டைமண்ட், டைமண்டுக்கு முன்னால் ராயல், அதற்கும் முன்னால் சோபா போட்டு விளம்பரதாரரின் உறவினர்கள். வேதியியலில் பிளாட்டினம் எங்கே நிற்கிறதோ எனக்குத் தெரியாது. மதுரையில் அது ஒலிபெருக்கி கட்டிய இரும்புத் தூணுக்குப் பின்னால் நிற்கிறது. இடதுபக்கம் சாய்ந்தால் மேடையில் பாதி தெரியும். வலதுபக்கம் சாய்ந்தால் கழிப்பறை வரிசை முழுசாகத் தெரியும்.

ஆறு மணிக்கு ஒரு பெண் மேடைக்கு வந்தாள். “மதுரை, சத்தம் பத்தல” என்றாள். கத்தினோம். பத்தவில்லை என்றாள். அப்புறம் அரிசிக் கம்பெனி முதலாளி வந்து, தன் அரிசிக்கும் இசைக்கும் உள்ள ஒற்றுமையை விளக்கினார். இரண்டும் மனதுக்கு இதமாம். பிறகு ஒரு நடனப்பள்ளிக் குழந்தைகள் ஆடினார்கள். பிறகு குலுக்கலில் ஒருவருக்கு ஒரு மூட்டை அரிசி. அதைத் தூக்கிக்கொண்டு அவர் கச்சேரி முழுக்க எங்கே வைத்திருப்பார் என்ற கவலை எனக்கு.

இவர் எதையும் கவனிக்கவில்லை. தலையைச் சாய்த்து வேறெதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன கேக்கீங்க?”

“ஜெனரேட்டரு. அந்தப் பக்கம் நிக்கி. அருமையான வண்டி. எவ்வளவு லோடு குடுத்தாலும் சிணுங்கல பாரு.”

மொத்தக் கூட்டத்தில் இசையை ரசித்த ஒரே ஆள்.

ஏழரைக்குப் புகை விட்டார்கள். புகைக்குள்ளிருந்து ஆல்ட்ரின் வந்தான். வந்தார் என்று எழுத வேண்டும். முடி இல்லாத குறையைத் தொப்பியும், தொப்பை இருக்கிற குறையை நீளச் சட்டையும் மறைத்தன. அது பரவாயில்லை. நானும் அப்படி ஒன்றும் விடுதிக் காலத்து இடுப்போடு போகவில்லை. ஆனால் பழைய நாலு பேரில் அவரும் டிரம்ஸ்காரரும்தான் மிச்சம். கிதார்காரருக்குப் பதில் ஒரு பையன் மடிக்கணினியோடு நின்றான். அவன் ஒரு பொத்தானை அழுத்தினால் கிதார் வந்தது. இன்னொன்றை அழுத்தினால் ஆல்ட்ரினின் குரலே வந்தது. ஆல்ட்ரின் வாயை மூடியபிறகும் ஒருமுறை வந்தது.

மேல் சுருதி வரும் இடமெல்லாம் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார். நாங்கள் பாடினோம். காசு கொடுத்து வந்து, வெயிலில் காய்ந்து, தொண்டையும் கிழியப் பாடிவிட்டு அவருக்கே கைதட்டினோம். நடுவில் “இது என் மனசுக்கு ரொம்ப நெருக்கமான பாட்டு” என்று கண்ணை மூடிக்கொண்டு ஒன்று பாடினார். அரிசி விளம்பரப் பாட்டு.

எட்டேகால் மணிக்கு அந்த முதல் மெட்டு வந்தது. ‘கரை தெரியுது.’ நான் எழுந்து நின்றுவிட்டேன். தூணைச் சுற்றி எட்டிப் பார்த்தேன். முதல் இரண்டு வரி பாடினார். உண்மையாகவே பாடினார், அந்தச் சரளைக்கல் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. மூன்றாவது வரியில் மடிக்கணினிப் பையன் எதையோ அழுத்த, அது குத்துப் பாட்டாக மாறியது. அங்கிருந்து இன்னொரு பாட்டு, அங்கிருந்து வேறொன்று. கலவைச் சாதம். திரும்பி வரவே இல்லை.

பாடியதாகக் கணக்கா, பாடாததாகக் கணக்கா? பந்தயம் கட்டும்போது இதை யோசிக்காமல் விட்டிருந்தேன். இரண்டு வரிக்கு எவ்வளவு மதிப்பெண்? நான் விடைத்தாளில் போடுவது மாதிரி யாராவது எனக்குப் பாதி போடுவார்களா?

உட்கார்ந்தேன். அழுகை வந்தது. கொஞ்சமாக அழுவேன் என்று நினைத்தேன். அப்படி வரவில்லை.

இவர் பார்த்துவிட்டார். காதுக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி, ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்காது. குனிந்து கத்தினார்.

“பல்லு வலிக்கா? கிராம்பு கொண்டாந்திருக்கேன்.”

“பல்லு இல்லைங்க.”

“என்ன?”

“பல்லு இல்ல.”

“பல்லு இல்லயா? எப்ப புடுங்குனாங்க?”

இதற்குமேல் என்னால் முடியவில்லை. இருபது நாளாகத் தொண்டையில் வைத்திருந்ததை அவர் காதுக்கு நேராகக் கத்தினேன். “பல்லு இல்ல” என்று தொடங்கும்போது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்த அருமையான ஜெனரேட்டர் அந்த நொடியைத் தேர்ந்தெடுத்துப் படுத்துவிட்டது. பாட்டு நின்றது, விளக்கு அணைந்தது, பொட்டல் முழுக்க அமைதி. அந்த அமைதியில் என் குரல் மட்டும், வகுப்பறையின் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி பழக்கப்பட்ட குரல், தனியாகப் போயிற்று:

“மார்ல கட்டி இருக்கு. செவ்வாக்கெழம ரிப்போர்ட்டு.”

ராயலுக்குக் கேட்டிருக்காது. பிளாட்டினம் முழுவதற்கும் கேட்டது.

முன்வரிசையில் ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்த இளைஞன் அதை இறக்கி மடியில் வைத்துக்கொண்டான். யாரோ கைப்பேசி விளக்கை எங்கள் மேல் அடித்து, உடனே அணைத்தார்கள். இவர் முகம் அந்த வெளிச்சத்தில் ஒரு நொடி தெரிந்தது. அதை எழுத எனக்கு வரவில்லை.

“பல்லுன்னுல்லா சொன்ன” என்றார். இப்போது கத்தவில்லை.

“ஆமா.”

“எத்தன நாளா?”

“மாசம் தொடங்குனதுல இருந்து.”

அவ்வளவு பேருக்கு நடுவில் இதைப் பேசினோம். முன்வரிசை அம்மாள், மஞ்சள் சுடிதார், என் வயதுதான் இருக்கும், தன் தண்ணீர் பாட்டிலை என் கையில் வைத்தாள். வாசலில் பிடுங்காமல் அவளை எப்படி விட்டார்கள் என்று அப்போதும் என் புத்தி யோசித்தது.

விளக்கு வந்தது. ஆல்ட்ரின் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, “மதுரை, எல்லாரும் நல்லாருக்கீங்களா?” என்றார்.

பொட்டலே நல்லாருக்கோம் என்று கத்தியது. மஞ்சள் சுடிதார் மட்டும் கத்தவில்லை.

“கிளம்புவோம்” என்றார் இவர்.

கிளம்பினோம். வேப்பமரத்தடியில் வண்டி பத்திரமாக இருந்தது. அதை நான்கு பக்கமும் அடைத்துக்கொண்டு சுமார் நூறு வண்டிகள் இருந்தன. கச்சேரி முடிந்து எல்லாரும் வந்தால்தான் வெளியே போக முடியும். வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தோம். கண்ணாடியைத் திறந்து வைத்தார். அங்கிருந்து கேட்க ஆறாவது விரல் நன்றாகவே இருந்தது. தூரம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுகிறது.

தயிர்சாதத்தைப் பிரித்து அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நின்ற வண்டியை ஓட்டுகிறவர் மாதிரி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கம்மைக்கு வந்தப்பவும் எங்கிட்ட சொல்லல” என்றார். “அக்காவுக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும். எனக்கு மட்டும் கடைசி மாசந்தான் தெரியும். நாயகத்துக்கிட்ட சொல்லாதீங்க, அவன் தாங்க மாட்டான்னு அம்ம சொன்னாளாம். இப்ப நீயும் அதத்தான் செஞ்சிருக்க. நான் என்ன, அவ்வளவு எதுக்கும் ஆகாதவனா வடிவு?”

மாமியார் நோயை அவரிடம் மறைத்தது எனக்குத் தெரியும். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது துக்கத்தால் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

தயிர்சாதத்தைத் திரும்ப மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

செப்டம்பர் 29, திங்கள்

இவர் நேற்றும் பேசவில்லை, இன்றும் பேசவில்லை. மொட்டைமாடித் தொட்டியைக் கழுவினார். நன்றாக இருந்த வாஷரை மாற்றினார். எதிர்வீட்டுக் குழாயையும் பழுது பார்த்துக் கொடுத்துவிட்டு வந்தார். கோபம் வந்தால் ஊருக்கே தண்ணீர் கிடைக்கும் போலிருக்கிறது.

தூத்துக்குடியில் இருக்கும் அவர் அக்காவுக்குச் சொல்லியிருப்பார், சாயங்காலத்துக்குள் உலகம்மாள் மதினி அழுதுகொண்டே பேசுவாள் என்று காத்திருந்தேன். பேசவில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிடுவாரோ என்று இத்தனை நாள் பயந்தவள், சொல்லவில்லை என்றதும் ஏன் சங்கடப்படுகிறேன் என்று எனக்கு விளங்கவில்லை.

ராத்திரி படுக்கும்போது விளக்கை அணைத்துவிட்டு, “எந்தப் பக்கம்?” என்று மட்டும் கேட்டார்.

“வலது.”

“ம்.”

செப்டம்பர் 30, செவ்வாய்

இருக்கிறது. சின்னதுதானாம். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோமாம். கட்டியை மட்டும் எடுத்தால் போதும், அக்குளில் இருந்தும் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார்களாம், பிறகு கதிர்வீச்சு. டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். நான் பலகையில் வரைகிற படம் இதைவிடத் தெளிவாக இருக்கும்.

இவர் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டார். கடைசியில், “இது எடுத்தப்புறம் கேரண்டி எத்தன வருஷம் டாக்டர்?” என்றார்.

எனக்குப் பூமிக்குள் போகலாம் போலிருந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. “கேரண்டி தர முடியாது சார். சர்வீஸுக்கு ஒழுங்கா வந்தா நாங்க நல்லாப் பாத்துக்கிடுவோம்” என்றார். இவருக்கு அது புரிந்தது. அந்த அறையில் நேராகப் பேசிக்கொண்டவர்கள் அவர்கள் இருவரும்தான்.

வெளியே வந்து வண்டியில் ஏறியதும் ஸ்டியரிங் மேல் தலையை வைத்து அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டே, எதிரே ஒரு ஆட்டோக்காரர் எங்கள் வண்டி நகருமென்று ஹாரன் அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பொறுங்கள் என்று அவருக்குக் கையைக் காட்டினேன். பொறுத்தார்.

பல் என்று இனி எழுத வேண்டியதில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூசை. கடையில் எல்லா மோட்டாருக்கும் சந்தனம் குங்குமம். இவர் கையெடுத்துக் கும்பிட்டு நெடுநேரம் நின்றார். கும்பிட்ட திசையில் இருந்தது ஐந்து குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டார்.

அக்டோபர் 4, சனி

நறுமுகை வந்திருக்கிறாள். எப்படிச் சொல்வது என்று நான் மூன்று விதமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். இவர் அவள் பையை வாங்கி வைத்தவுடனே, “அம்மைக்கு மார்ல கட்டி. கேன்சர்தான். சின்னது. எட்டாந்தேதி ஆப்பரேஷன்” என்றார். அவ்வளவுதான். காபி ஆறுவதற்குள் எல்லாம் சொல்லியாகிவிட்டது.

“எனக்கு எப்பச் சொல்லணும்னு நெனச்சீங்க?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“இதோ சொல்லிட்டோம்லா” என்றேன்.

“அப்பா சொன்னாங்க. நீங்க சொல்லல.”

சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அவள் அப்பாவின் மகள். ஒரு மணிநேரம் கழித்து வெளியே வந்தபோது அடுப்புமேடை பளபளவென்று இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “நம்ம வீட்ல இனிமே யாரும் யாருக்கும் மறைக்கக் கூடாது” என்றாள். சரி என்றேன். “நான் பிசிக்ஸ்ல ஒரு அரியர் வச்சிருக்கேன்” என்றாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

நாளை காலை. பெட்டியில் இரண்டு நைட்டி, பிளாஸ்க், மீதி விடைத்தாள் கட்டு. இவர் விடைத்தாளை வெளியே எடுத்து வைத்தார். நான் உள்ளே வைத்தேன். மறுபடி எடுத்தார். பயமாக இருக்கிறது.

அக்டோபர் 13, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். வலதுகையைத் தூக்க முடியவில்லை. இதை இடதுகையால் எழுதுகிறேன். பேனா கொடுத்த பிள்ளைகள் பார்த்தால் கையெழுத்துக்கு மதிப்பெண் குறைப்பார்கள்.

அக்டோபர் 17, வெள்ளி

அக்குளில் ஒன்றும் இல்லையாம். பரவவில்லை. தீபாவளி கழிந்து கதிர்வீச்சு தொடங்கும். இவர் செய்தியைக் கேட்டுவிட்டு டாக்டருக்குக் கடை டைரி ஒன்று கொடுத்தார். வருடம் முடிய இரண்டரை மாதம் இருக்கும்போது. அவரும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தையல் நனையாமல் நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து நறுமுகை எனக்குத் தலை குளிப்பாட்டினாள். குளிப்பாட்டிவிட்டு, தோழி வீட்டுக்குப் பலகாரம் கொடுக்கப் போனவள் வரவே இல்லை. ஈரத்தலையோடு நான் உட்கார்ந்திருந்தேன்.

இவர் சீப்பை எடுத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றார்.

“என்ன செய்யப் போறீங்க?”

“சிக்கெடுக்கேன்.”

“ஒங்களுக்குத் தெரியுமா?”

“மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுத்துத எனக்கு இது தெரியாதா. மூணு கம்பி, அவ்வளவுதான.”

இருபது வருடத்தில் இவர் என் தலைமுடியைத் தொட்டது ரசத்தில் கிடந்தபோதுதான். முதலில் இழுத்தார், கத்தினேன். பிறகு நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுத்தார். மூன்றாகப் பிரித்தார். எது எதற்கு மேலே போக வேண்டும் என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டார். பாதியில் தப்பாகிவிட்டது என்று முழுக்க அவிழ்த்துத் திரும்ப ஆரம்பித்தார். முன்வாசலில் யாரோ வெடி போட்டார்கள். இவர் கவனம் கலையவில்லை. கடைசியில் ரப்பர் பேண்டு கிடைக்காமல், சட்டைப்பையிலிருந்து ஒரு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து ஒட்டினார்.

கண்ணாடியில் பார்த்தேன். சடை ஒரு பக்கமாகச் சாய்ந்து, மேலே தளர்வாகவும் கீழே கயிறாகவும் இருந்தது. சொல்வதற்கு எனக்குக் குறைந்தது ஐந்து விஷயங்கள் இருந்தன.

பதினோரு மணிக்குத் தூத்துக்குடியிலிருந்து உலகம்மாள் மதினி முறுக்குத் தூக்குவாளியோடு வந்தாள். கட்டிப்பிடிக்க வந்து, எங்கே பிடிப்பது என்று தெரியாமல், என் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சம் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தலையைப் பார்த்தாள்.

“யாருளா ஒனக்கு இந்தச் சடைய போட்டுவிட்டா? எலி கடிச்ச கயிறு மாதிரி இருக்கு. நல்ல நாளும் அதுவுமா. திரும்பு, அவுத்துட்டு ஒழுங்காப் போட்டுவிடுதேன்.”

இவர் சமையலறை வாசலில் காபித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்.

“வேண்டாம் மதினி” என்றேன். “இருக்கட்டும்.”